கத்திரியில் மாடலுக்கு வண்ணம்: கேனா, ஏர்பிரஷா, ஏசி அறையா, ஜனவரியா?

பிளாஸ்டிக் மாடல் கிட்டை (கார், விமானம், டாங்கி போன்றவற்றின் சின்ன உருவத்தைப் பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பெட்டி) ஒட்டுவதற்கும், பட்டி பார்ப்பதற்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கும் வெயில் ஒரு பொருட்டே இல்லை. வியர்க்கும், அவ்வளவுதான். பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதுவும் சென்னையில், மே முதல் வாரம் பிறந்து மாதக் கடைசி வரை நீளும் கத்திரி நாட்களில். 2003 மே 31 அன்று இங்கே 45 டிகிரி பதிவானது. எல்லா ஆண்டும் அவ்வளவு தூரம் போகாது என்றாலும் 38, 40 என்பதெல்லாம் இந்த ஊருக்குப் புதிதல்ல. நம்மில் பலருக்கு விடுமுறை கிடைப்பதும், அலமாரியில் தூங்கும் கிட்டை எடுக்க மனம் வருவதும் அதே மாதத்தில்தான்.

என்ன செய்யலாம்? ஸ்ப்ரே கேன் அடிக்கலாம். ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் பேனா போன்ற கருவி) லேக்கர் (கடுமையான கரைப்பானில் கரைந்த, சீக்கிரம் காயும் வண்ணம்) அடிக்கலாம். அதிலேயே அக்ரிலிக் அடிக்கலாம். ஏசி அறைக்குள் போய்விடலாம். இல்லை, வண்ணத்தை மட்டும் தள்ளிப்போடலாம். யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "விடிகாலையில் எழுந்து வெயிலுக்கு முன்னால் அடித்துவிடு" என்பது. இந்த அறிவுரை சில வண்ணங்களுக்குச் சரி. மற்றவற்றுக்கு நேர் எதிர். அதனால் எந்தக் கருவி என்று பார்ப்பதற்கு முன், வண்ணம் எப்படிக் கெடுகிறது என்று பார்த்துவிடலாம்.

வெப்பம் செய்யும் கோளாறு ஒன்று, ஈரம் செய்யும் கோளாறு வேறு. இரண்டையும் "வெயிலால் போச்சு" என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

வெப்பத்தால் நேர்வது இது: முனையிலிருந்து கிளம்பிய துளி மாடலைத் தொடும் முன்பே பாதி காய்ந்துவிடுகிறது. ஈரமாக விழுந்து பரவ வேண்டியது பொடியாக வந்து ஒட்டுகிறது. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்து சரியாகப் பரவாமல் இறுகினால் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம். பளபளப்பான கார் பாடிக்கு இது பெரிய கேடு. மங்கலாக முடிக்க வேண்டிய 1/35 (அசலில் 35இல் ஒரு பங்கு அளவுள்ள) டாங்கிக்கு அவ்வளவு மோசமில்லை. மேலே தூசி, துரு என்று வேலை செய்யும்போது மறைந்துவிடும்.

ஈரத்தால் நேர்வது வேறு கதை. லேக்கரில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது அடியிலிருக்கும் பரப்பைச் சில டிகிரி குளிர வைக்கிறது. அப்படிக் குளிர்ந்த பரப்பு காற்றின் பனிநிலைக்குக் (நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை) கீழே போனால், காற்றிலுள்ள நீராவி வண்ணத்தின் மேலேயே நீராகப் படிகிறது. பாதி காய்ந்த படலத்துக்குள் அது மாட்டிக்கொண்டு வெள்ளை பூக்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, சிவப்பு வெளிறுகிறது. ஆக, இங்கே பார்க்க வேண்டியது வெயில் எத்தனை டிகிரி என்பதை அல்ல. அந்த நேரத்து வெப்பத்துக்கும் பனிநிலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடிகாலை அறிவுரை ஆட்டம் காண்கிறது. காலை ஐந்தரை மணி, 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பனிநிலை ஏறக்குறைய 25. இடைவெளி வெறும் 4 டிகிரி. கேனை ஒருமுறை நன்றாக அழுத்தினாலே பரப்பு அதற்குக் கீழே போய்விடலாம். அதே நாள் காலை பதினொரு மணிக்கு 37 டிகிரி, ஈரப்பதம் 45 என்றால் பனிநிலை 23. இடைவெளி 14. மாலை ஆறு மணிக்குக் கடல்காற்று வீசி உடம்புக்குச் சுகமாக இருக்கும் நேரத்தில், 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் பனிநிலை 26ஐ ஒட்டி வருகிறது. இடைவெளி மறுபடி 6க்குச் சுருங்குகிறது. நமக்கு இதமான நேரங்கள்தான் லேக்கருக்கு ஆகாத நேரங்கள்.

உள்மாவட்டக்காரர்களுக்கு மேலே சொன்ன கவலை குறைவு. வேலூரில் பிற்பகல் 40 டிகிரி, ஈரப்பதம் 25 என்றால் இடைவெளி 24 டிகிரி. அங்கே வெள்ளை பூக்கும் பயமே கிடையாது, பொடியாகும் பயம்தான். சென்னையில் இரண்டும் உண்டு, வேறு வேறு மணிகளில். கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது புதுக் கேன் அல்ல, ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. வெப்பம், ஈரப்பதம் இரண்டையும் காட்டும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

ஸ்ப்ரே கேன்

தமியா, மிஸ்டர் ஹாபி இரண்டும் ஜப்பானிய மாடல் நிறுவனங்கள். தமியாவின் டி.எஸ். வரிசை, மிஸ்டர் ஹாபியின் மிஸ்டர் கலர் கேன்கள் எல்லாம் லேக்கர் வகை. ஒரு பாடிக்கு ஒரே நிறம், கம்ப்ரசர் வேண்டாம், கழுவும் வேலை இல்லை. 1/24 கார் செய்பவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது. (பி.எஸ். என்று போட்டிருப்பதைத் தவறிக்கூட எடுக்க வேண்டாம். அது ரேடியோ கண்ட்ரோல் காரின் பாலிகார்பனேட் பாடிக்கு.) எரியும் வாயு அடைத்த பொருள் என்பதால் இவை விமானத்தில் எளிதில் ஏறாது. ஆகவே இங்கே எப்போதும் தட்டுப்பாடு. கிடைத்தாலும் விலை கூடுதல்.

கேனில் என்ன குறை என்றால், ஒன்றும் நம் கையில் இல்லை. தின்னரை மாற்ற முடியாது, அழுத்தத்தைக் குறைக்க முடியாது. வெப்பம் ஏறினால் உள் அழுத்தமும் ஏறுகிறது, வண்ணம் கொட்டுகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கேனை வெந்நீரில் வைத்துவிட்டு அடிக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்து நாமும் அதைச் செய்ய வேண்டியதில்லை. மே மாதச் சென்னையில் கேன் ஏற்கெனவே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. இன்னொன்று, கேன் ஒரு தடவைக்கு ஏர்பிரஷைவிடப் பல மடங்கு கரைப்பானைக் கொட்டுகிறது. அவ்வளவு குளிர்ச்சி, அவ்வளவு வெள்ளை பூக்கும் வாய்ப்பு.

ஆகவே கேன் அடிப்பதானால் சென்னையில் நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. இரவு ஈரம் விலகியிருக்கும், கடல்காற்று இன்னும் உள்ளே வந்திருக்காது. இடம் நிழலாக இருக்க வேண்டும். மொட்டை மாடி வேண்டாம். தரையே அடுப்பாக இருக்கும், காற்றும் புழுதியும் வேறு. போர்ட்டிகோ, கார் நிறுத்துமிடம், மூன்று பக்கம் சுவர் உள்ள பால்கனி போதும். ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதற்குள் அடிக்கலாம். தூரத்தை வழக்கமான 25, 30 செ.மீ.யிலிருந்து 20க்குள் கொண்டுவந்தால் துளி காயும் முன் போய்ச் சேரும். கிட்டப் போவதால் கை வேகமாக நகர வேண்டும், இல்லையென்றால் வழியும். முதலில் தூவலாக ஒன்றிரண்டு, பிறகு ஈரமாக ஒன்று.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உள்ளூர்க் கேன்கள் விலை மிகக் குறைவு. நான் அவற்றை ஒதுக்குகிறவன் இல்லை. கறுப்பு அடிப்படைக்கும், டியோராமா (மாடலை வைக்கும் சின்னக் காட்சியமைப்பு) தரைக்கும் நன்றாகவே உதவும். ஆனால் அவை இரும்புக்கும் மரத்துக்கும் செய்தவை; பலவற்றின் கரைப்பான் கடுமையானது, வெறும் பாலிஸ்டைரீன் (மாடல் பிளாஸ்டிக்) மேல் பட்டால் பரப்பு நெளிந்து வெடிப்பு விடக்கூடும். வெயிலில் அழுத்தம் கூடி ஒரே இடத்தில் கொட்டினால் இன்னும் மோசம். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் சட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

ஏர்பிரஷில் லேக்கர்

கோடைக்கு என் ஓட்டு இதற்குத்தான். காரணம், கேனில் பூட்டியிருக்கும் எல்லாத் திருகும் இங்கே திறந்திருக்கிறது. முக்கியமானது தின்னர். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஏற்கெனவே கலந்திருக்கிறது. தமியாவின் லேக்கர் தின்னரிலும் ரிடார்டர் வகை தனியாக உண்டு. இதைச் சேர்த்தால் இரண்டு கோளாறுக்கும் ஒரே மருந்து. துளி வழியில் காயாது, அதனால் பொடியாகாது. கரைப்பான் மெதுவாகப் போவதால் பரப்பு அதிகம் குளிராது, அதனால் வெள்ளை பூப்பதும் குறையும். படிந்த நீரும் படலம் மூடும் முன் வெளியேற நேரம் கிடைக்கும். மற்ற மாதங்களில் வண்ணம் ஒரு பங்கு, தின்னர் ஒரு பங்கு போடுகிறவர்கள் கோடையில் தின்னரை ஒன்றரை, இரண்டு பங்கு ஆக்கலாம். 15 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஐந்தாறு செ.மீ. தூரத்தில் அடிக்கும்போது துளி காற்றில் இருக்கும் நேரமே மிகக் குறைவு.

மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்களும் மழைக்காலத்தில் தின்னரோடு ரிடார்டர் சேர்ப்பதுண்டு; தத்துவம் ஒன்றுதான். ஆனால் அவர்கள் வாங்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை மாடல் வண்ணத்தில் கலக்கும் யோசனை வேண்டாம். பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். ஏர்பிரஷின் உலோகப் பாகங்களைக் கழுவ மட்டும் அது மிக மலிவான சரக்கு. கழுவும்போது ரப்பர் வளையங்களைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இந்த வழியில் கவனம் வேண்டியது கம்ப்ரசரில். சென்னைக் காற்றை அழுத்தினால் அதிலுள்ள நீராவி வேறெங்கும் போகாது. கம்ப்ரசர் சூடாகத் தள்ளும் காற்று டேங்கிலும் குழாயிலும் ஆறும்போது நீராக மாறுகிறது. திடீரென்று ஒரு சொட்டு முனை வழியாகத் துப்பி, அழகாக வந்துகொண்டிருந்த இறக்கையில் ஒரு குழி விழும். கம்ப்ரசர் மேலேயே பொருத்தி வரும் ஈரவடிகட்டி மட்டும் போதாது, அங்கே காற்று இன்னும் சூடாகவே இருப்பதால் நீர் முழுதாகப் பிரிந்திருக்காது. குழாயின் மறுமுனையில், கைப்பிடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வடிகட்டி போட்டால் ஆறிய பிறகு திரளும் நீரை அது பிடிக்கும். வேலை முடிந்ததும் டேங்கின் அடித்திருகைத் திறந்து நீரை இறக்கிவிட வேண்டும். கத்திரி நாட்களில் அதில் வரும் தண்ணீரைப் பார்த்தால் நம்பவே முடியாது. டேங்க் இல்லாத குட்டிக் கம்ப்ரசர்கள் இந்தச் சூட்டில் நிறுத்தாமல் ஓடினால் தாங்காது. நடுநடுவே ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும்.

செலவு? ஏர்பிரஷ், கம்ப்ரசர், முகக்கவசம், தின்னர் என்று தொடக்கத்தில் சில ஆயிரங்கள் போகும். ஆண்டுக்கு ஒரு கிட் செய்பவருக்கு இது தேவையில்லாத ஆடம்பரம் என்றே நினைக்கிறேன். அவருக்குக் கேனும் பதினொரு மணியும் போதும்.

ஏர்பிரஷில் அக்ரிலிக்

அக்ரிலிக் என்ற பெயரில் இரண்டு வேறு சாதிகள் இருக்கின்றன. தமியாவின் எக்ஸ், எக்ஸ்.எஃப். புட்டிகள் ஆல்கஹால் சார்ந்தவை. இவற்றைத் தமியா லேக்கர் தின்னரில் கரைத்தாலும் நன்றாக வரும், இன்னும் வழவழப்பாகவே படியும். எனவே கோடையில் இவற்றை லேக்கர் கணக்கில் சேர்த்துவிடலாம். வழக்கமான எக்ஸ்-20ஏ தின்னரோடு அடிப்பதானால் ரிடார்டர் சில சொட்டு சேர்க்கலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். அதிகமானால் நாள் கணக்கில் பிசுபிசுக்கும்.

வல்லேஹோ (ஸ்பெயின் நாட்டு வண்ணம்) போன்ற நீர் சார்ந்தவைதான் உண்மையான கோடைத் தலைவலி. 38 டிகிரியில் ஊசி முனையிலேயே ரப்பர் தோல் மாதிரி காய்ந்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முனையைத் துடைப்பதும், திரும்ப அடிப்பதும், துப்புவதும், மறுபடி துடைப்பதுமாக வேலை நகரவே நகராது. ஃப்ளோ இம்ப்ரூவர் (வண்ணம் அடைக்காமல் ஓடச் சேர்ப்பது), ரிடார்டர் எல்லாம் உதவும், ஆனால் தீராது. 0.2 மி.மீ. முனையை எடுத்து வைத்துவிட்டு 0.4 அல்லது 0.5 போடுவது அதைவிட உதவும்.

விடிகாலை அறிவுரைக்கு மதிப்பு வருவது இங்கேதான். நீர் சார்ந்த வண்ணத்துக்கு ஈரக்காற்று எதிரி அல்ல, நண்பன். ஈரம் கூடுதலாக இருந்தால் நீர் மெதுவாக ஆவியாகும், முனை காயாது, துளி ஈரமாகப் போய்ப் படியும். லேக்கர் பயப்படும் அதே ஐந்தரை மணிதான் வல்லேஹோவுக்கு நல்ல நேரம். மதுரை, வேலூர் பக்கம் காற்றில் ஈரமே இல்லாத பிற்பகலில் இதை அடிக்க முயல்வது சுத்த வீண்வேலை. வாடை கிடையாது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக நீர் வண்ணத்தைத் தேர்ந்தவர்கள், அலாரம் வைத்து எழுவதற்கும் தயாராக வேண்டும்.

கையால் பிரஷ் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்னப் பாகங்கள், மனித உருவங்கள், காக்பிட் உட்புறம் எல்லாவற்றுக்கும் எந்த வெயிலிலும் நடக்கும். ஈரத் துணி அல்லது பஞ்சு மேல் பட்டர் பேப்பர் விரித்த பேலட் வைத்துக்கொண்டால் வண்ணம் இறுகாது. பெரிய பரப்புக்கு வேண்டாம். ஒரு இழுப்பு முடிவதற்குள் முந்தைய இழுப்பு காய்ந்து கோடு விழும்.

ஏசி அறை

கேட்டதும் இதுதான் தீர்வு என்று தோன்றும். எண்ணும் அப்படித்தான் சொல்கிறது: 25 டிகிரி, 50 சதவீதம் என்றால் பனிநிலை 14ஐ ஒட்டி, இடைவெளி 11. வெப்பமும் இல்லை, ஈரமும் இல்லை. நீர் வண்ணத்துக்குத் தாராளமாகப் போகலாம்.

கேன், லேக்கர் என்றால் நான் இல்லை என்பேன். வீட்டு ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றவிடுகிறது. கரைப்பான் ஆவி அறையிலேயே தங்கும். கேனில் இருப்பது எல்பிஜி, டைமெத்தில் ஈதர் மாதிரி எரியும் வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். மூடிய அறை, சுவிட்ச் பொறி, பக்கத்து அறையில் பூஜை விளக்கு. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனும் குழாயும் வைத்த ஸ்ப்ரே பூத் இருந்தால் ஏர்பிரஷ் லேக்கர் வரை ஒப்புக்கொள்ளலாம். குளிர்ந்த காற்றையும் அது சேர்த்து இழுத்து வெளியே தள்ளும், கரண்ட் பில் அதற்கேற்ப வரும். எங்கே லேக்கர் அடித்தாலும் கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி (கார்ட்ரிட்ஜ்) உள்ள முகக்கவசம் வேண்டும். கொரோனா காலத்து என்-95 துகளை நிறுத்தும், ஆவியை நிறுத்தாது.

பலரும் ஏசி அறையில் மாடலை வைத்திருந்து, அடிப்பதற்கு மட்டும் பால்கனிக்குக் கொண்டுபோகிறார்கள். கடலோர ஊரில் இதைவிடக் கெட்ட ஏற்பாடு கிடையாது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதேதான் மாடலுக்கும் நடக்கும். பிளாஸ்டிக் 24 டிகிரியில் இருக்கிறது, வெளிக்காற்றின் பனிநிலை 25. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல் வண்ணம் அடிக்கிறோம். மாடலும் வண்ணமும் அரைமணி நேரமாவது வெளியில் இருந்து அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு தொடலாம்.

மின்விசிறி பற்றி ஒரு வார்த்தை. போட்டால் தூசி கிளம்பும், துளி பறக்கும், வண்ணம் சீக்கிரம் காயும். நிறுத்தினால் நெற்றி வியர்வை நேராக மாடலின் கூரை மேல் சொட்டும். நான் நிறுத்திவிட்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வேன். கையுறையும் போட வேண்டும்; வியர்த்த விரல் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் வட்டமாக விலகும்.

தள்ளிப்போடுவது

யாரும் விரும்பாத வழி, ஆனால் சில வேலைக்கு இதுதான் சரி. ஜனவரி, பிப்ரவரியில் சென்னை வெயிலும் இறங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் வடிந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களைவிட லேக்கருக்குக் கத்திரியே மேல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய கார் பாடியின் கடைசி கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு), அப்புறம் மேட் வார்னிஷ் (பளபளப்பை மங்கலாக்கும் மேற்பூச்சு), இந்த இரண்டை மட்டும் நான் ஜனவரிக்கு ஒதுக்குவேன். முக்கியமாக மேட் வார்னிஷ். தமியா டி.எஸ்.80 மாதிரி ஃப்ளாட் கிளியர் (மேட்) கேன்கள் ஈரக்காற்றில் உறைபனி போல வெளுத்துவிடும். அது நடப்பது டெக்கால் (எண், சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) எல்லாம் ஒட்டி, எல்லா வேலையும் முடிந்து, கடைசிக் கோட்டின்போது. மாதக்கணக்கான உழைப்பை அந்த ஒரு நிமிடத்தில் பணயம் வைக்க வேண்டுமா?

ஜனவரி வரை காத்திருக்கும் கிட்டையும் கேனையும் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கேன் மேல் 50 டிகிரிக்கு மேல் கூடாது என்று போட்டிருக்கும், சிலவற்றில் 40 என்றே இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது வெகு சீக்கிரம் தாண்டிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் பாகங்களும் அங்கே வளைந்துவிடக்கூடும். மாஸ்கிங் டேப்பையும் மாடல் மேல் ஒட்டியபடி விடக் கூடாது. சூட்டில் பசை இளகிப் பிளாஸ்டிக்கோடு தங்கிவிடும்.

ஏற்கெனவே வெள்ளை பூத்த மாடலை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவருக்கு: உடனே தேய்க்க வேண்டாம். லேக்கர் என்றால், ஏர்பிரஷில் ரிடார்டர் தின்னரை மட்டும் ஊற்றி, காற்று வறண்டிருக்கும் ஒரு பதினொரு மணிக்கு மேலே மெல்லத் தூவினால் படலம் இளகி, மாட்டிய ஈரம் வெளியேறி, பல நேரம் நிறம் திரும்பிவிடும். கை ஓங்கினால் வழியும், ஆகவே தூவல்தான். மேட் வார்னிஷ் வெளுத்திருந்தால் அதன் மேல் பளபளப்பான ஒரு கிளாஸ் (gloss) கோட் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெளுப்பு மறையும். அதற்கு மேல் மறுபடி மேட் அடிப்பதை ஈரப்பதமானி 60க்குக் கீழே காட்டும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.